ஆர்க்கிட் கணுவில் பசை வைத்தும் கன்று வரவில்லையா? மொரீஷியஸ் வீட்டுத் தோட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

பூத்து முடிந்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டின் தண்டில், ஒவ்வொரு கணுவிலும் ஒரு செதிலுக்கு அடியில் ஒரு மொட்டு உறங்குகிறது. அதை எழுப்பிக் கன்று எடுக்கத்தான் ஹார்மோன் கலந்த 'கெய்க்கிப் பசை'. கெய்க்கி என்றால் ஹவாய் மொழியில் குழந்தை. வாழைக்கன்று தாய்வாழையின் குணத்தையே கொண்டு வருவதுபோல, இந்தக் கன்றும் தாய்ச்செடி பூத்த அதே நிறத்தில், அதே வடிவத்தில் பூக்கும். விதையில் அந்த உறுதி கிடையாது.

பசையால் ஆகிற காரியம் ஒன்றே ஒன்று: மொட்டை எழுப்புவது. எழுந்தது கன்றாகுமா, பூக்கிளையாகுமா, உருத்தெரியாத கட்டியாகுமா என்பதை வெப்பமும், பசையின் அளவும், தாய்ச்செடியின் பலமும் முடிவு செய்கின்றன. கைகூடாமல் போகும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. கன்று வரவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் பசையை அப்புவதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது. முதலில் அறிகுறியைப் பாருங்கள்.

அதற்கு முன் காலக்கணக்கு. தமிழ்நாட்டுக் குறிப்புகளில் உள்ள மாதங்களை அப்படியே இங்கே பின்பற்றினால் ஆறு மாதம் தவறிப்போகும். அங்கே சித்திரை வெயில். இங்கே சித்திரையில் கோடை முடிந்து குளிர் தொடங்குகிறது, ஆடியில் உச்சக் குளிர். தீவின் சராசரி வெப்பநிலை கோடையில் 24.7 டிகிரி செல்சியஸ், குளிர்காலத்தில் 20.4 டிகிரி. மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிரில் ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விடும், நவம்பர் வாக்கில் பூ உதிர்ந்து முடியும். சரியாக அப்போதுதான் கடலோரத்தில் வெப்பம் ஏறுகிறது. கார்த்திகையில் பசை வைத்தால் தைப்பூசக் காவடி நேரத்துக்குள் இரண்டு இலையை எதிர்பார்க்கலாம். ஆடியில் வைத்தால் அதே பசை, அதே செடி, ஆனால் வேறு விளைவு.

அறிகுறி: ஆறு வாரமாகியும் மொட்டு அசையவே இல்லை

சரியான வெப்பத்தில் மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு பச்சையாக உப்பிவிடும். ஆறு வாரம் கடந்தும் மாற்றமில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையிலேயே பாருங்கள். முதல் இரண்டிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில், டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பது பிரெஞ்சு லேபிளில் 'ஓர்மோன் து பூட்யூராஜ்' என்று வரும் வெள்ளைத் தூள். அது பதியன் குச்சிக்கு வேர்விடச் செய்யும் ஆக்சின் என்ற ஹார்மோன். பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். அதைக் கணுவில் வைத்தால் மொட்டு எழாது. செடியின் நுனியிலிருந்து இறங்கி வரும் ஆக்சின்தான் கீழுள்ள மொட்டுகளை உறக்கத்திலேயே வைத்திருக்கிறது. நீங்களும் அதே மருந்தைக் கொடுத்தால் உறக்கம் இன்னும் ஆழமாகும். எழுப்புவதற்கு வேண்டியது சைட்டோகைனின் என்ற வேறு வகை ஹார்மோன். லேபிளில் 6-பென்சைல் அமினோ பியூரின், அதாவது பி.ஏ.பி. என்றோ பி.ஏ. என்றோ இருக்க வேண்டும். ஜிப்ரெலிக் அமிலம் என்றிருந்தால் அது மூன்றாவது வகை. தண்டை நீட்டும், இளம் பூத்தண்டில் பட்டால் பூக்களைக் கோணலாக்கவும் செய்யும். 'ஹார்மோன்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் இந்த மூன்றில் எதுவும் கைக்கு வரலாம்.

இரண்டாவது, பசை மொட்டைத் தொட்டதா? கணுவைச் சுற்றியிருக்கும் செதில் ஒரு மூடி. அதன் மேல் பூசினால் பசை செதிலோடு நின்றுவிடும். நெருப்பில் காட்டி ஆறவிட்ட பிளேடால் செதிலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கீறல் போடுங்கள். கத்தி செதிலின் கனத்தை மட்டும் தாண்டினால் போதும். பிறகு இடுக்கியால் ஒரு பாதியைப் பிடித்துத் தண்டைச் சுற்றி உரித்தெடுங்கள். மறு பாதியையும் அப்படியே. உள்ளே கடுகு அளவில், வெளிர் பச்சையாக, நுனி மேல்நோக்கிய மொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செதிலின் உட்படலம் இன்னும் இருக்கிறது என்று பொருள். பல்குச்சி நுனியில் பசை எடுத்து மொட்டின் மேலேயே வையுங்கள். அளவு, கடுகை விடச் சற்றுப் பெரிது, மிளகை விடச் சிறிது. மொட்டை மூட வேண்டும், தண்டைச் சுற்றி வழியக் கூடாது.

மூன்றாவது, கணு உயிரோடு இருக்கிறதா? மொட்டு பழுப்பாகவோ காய்ந்த புள்ளியாகவோ இருந்தால் எந்த மருந்தும் அதை எழுப்பாது. தண்டே மஞ்சளாகத் தொடங்கியிருந்தால் செடி அதிலிருந்து உணவைத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்டை விட்டுவிடுங்கள். பச்சையான, விறைப்பான தண்டில், முதல் பூ இருந்த இடத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு, மூன்று கணுக்களே நல்ல தேர்வு. பூ எல்லாம் உதிர்ந்த பிறகு, தேர்ந்தெடுத்த மேல் கணுவுக்கு 2 செ.மீ. மேலே தண்டை வெட்டிவிடுவது நல்லது. நுனி போனால் அதன் ஆதிக்கமும் போகும்.

நான்காவது, பசையின் தரம். வீட்டில் தயாரித்த பசைகளில் அடிக்கடி காணும் குறை, பி.ஏ.பி. தூளை நேரடியாக லானோலினில் (ஆட்டுக் கம்பளியின் கொழுப்பில்) போட்டுக் கலக்குவது. அது கரையாது, மணல் கலந்த மாவுபோல் ஒரு இடத்தில் திட்டாகவும் இன்னொரு இடத்தில் வெறும் கொழுப்பாகவும் நிற்கும். ஒரு கணுவில் ஒன்றுமே நடக்காமல், பக்கத்துக் கணுவில் கட்டி வருவதற்கு இதுவே காரணம். விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள் (கையுறையோடு). நறநறத்தால் அந்தப் பசையைத் தூக்கிப்போட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள்:

1. பி.ஏ.பி. 50 மி.கி. எடை போடுங்கள். மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு போதும். 5 மி.கி., 10 மி.கி. என்று சிறிய அளவை அதில் நம்ப முடியாது, அதனால்தான் 50.
2. 95 சதவீத எத்தில் ஆல்கஹால் 10 மி.லி.யில் போட்டு, வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திக் கலக்குங்கள். கலங்கல் நீங்கித் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றால் இன்னும் 5 மி.லி. சேர்க்கலாம். நிறம் போட்ட எரிசாராயம் வேண்டாம்.
3. நீர் கலக்காத லானோலின் 25 கிராமை வேறொரு கிண்ணத்தில், 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்குங்கள்.
4. ஆல்கஹால் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஆல்கஹால் வாடை போகும்வரை, திறந்த சன்னல் அருகே. அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.
5. ஆறும்போதும் கிளறுங்கள், இல்லையென்றால் அடியில் படியும். சிறிய மூடி டப்பாவில் அடைத்துப் பெயர், அளவு, தேதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில், உணவிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.

இது ஒரு கிராமுக்கு 2 மி.கி. பலம். ஃபெலனாப்சிஸுக்குத் தொடங்க இதுவே சரி. ஒரு கிராமுக்கு 5 மி.கி. வரை வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரும் சிக்கலைக் கட்டி பற்றிய பகுதியில் பாருங்கள். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கம்பளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லானோலின் அரிக்கும், கவனம்.

இந்த நான்கும் சரியென்றால் மிச்சம் இருப்பது குளிர். 20 டிகிரிக்குக் கீழ் இரவுகள் தொடர்ந்தால் மொட்டு சும்மா இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நோண்ட வேண்டாம். அக்டோபர் வரை விட்டுவிடுங்கள். பசையை மறுபடி வைப்பதானால் ஒரே ஒரு முறை, பழையதைப் பஞ்சால் துடைத்துவிட்டு.

அறிகுறி: கன்றுக்குப் பதில் பூக்கிளை வருகிறது

கூர்பிப், வாக்குவா, ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களின் முதன்மையான குறை இது. போர்ட் லூயிஸிலோ கிராண்ட் பேயிலோ இருக்கும் உறவினர் வீட்டில் அதே டப்பாப் பசை கன்று கொடுக்கும். மேட்டுநிலத்தில் பூக்கிளை கொடுக்கும். பசை மாறவில்லை, உயரம் மாறியிருக்கிறது. ஃபெலனாப்சிஸ் தண்டின் மொட்டு 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இலை விடும் பக்கம் சாயும். 25க்குக் கீழ் இருந்தால் பூக்கும் பக்கம் சாயும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூர்பிப்பில் கோடைப் பகல்கூட 28ஐத் தாண்டுவது அரிது. அங்கே மொட்டு பூக்கிளையாவதில் வியப்பில்லை.

வந்திருப்பது எது என்று அறிய, துளிர் 1 செ.மீ. ஆகும்வரை பொறுங்கள். கன்றென்றால் தட்டையான இரண்டு இலைநுனிகள் எதிரெதிராக, தண்டை ஒட்டியே விரியும், நீளாது. பூக்கிளையென்றால் உருண்டையாக, குழந்தையின் கையுறை போன்ற நுனியோடு நீளும்; சீக்கிரமே அதில் ஒரு புதிய கணுவும் செதிலும் தோன்றும்.

துளிர் 1 செ.மீ.க்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் திருப்பிவிட வாய்ப்புண்டு. செடியை 28 முதல் 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். மேட்டுநிலத்தில் அதற்கு இரண்டு வழி. ஒன்று, நவம்பர் முதல் மார்ச் வரை செடியைக் கடலோரத்தில் தெரிந்தவர் வீட்டு நிழலில் விடுவது. செலவில்லாதது, மிக நம்பகமானது. இன்னொன்று, ஒளி புகும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நாற்றுக்கான வெப்பப் பாயை வைத்து, வெப்பக் கட்டுப்பாட்டியை 29இல் நிறுத்துவது. பெட்டிக்குள் ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். மூடிய பெட்டியில் நேர் வெயில் பட்டால் ஒரு மணி நேரத்தில் செடி வெந்துவிடும். மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். காற்றோட்டமில்லாத வெப்பம் அழுகலைக் கொண்டு வரும்.

துளிர் 3 செ.மீ. தாண்டிவிட்டால் அது பூக்கட்டும். அதை ஒடித்துவிட்டு அதே கணுவில் மறுபடி பசை வைப்பதில் பயனில்லை, அங்கே இருந்த மொட்டு செலவாகிவிட்டது. பூத்து முடிந்தபின் அந்தக் கிளையிலேயே கீழுள்ள கணுவில் கோடையில் முயலலாம், தாய் பலமாக இருந்தால்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஜூன், ஜூலையில் வைத்தால் உங்களுக்கும் பூக்கிளைதான்.

அறிகுறி: கணுவில் பச்சைக் கட்டி, அல்லது ஐந்தாறு துளிர்கள் நெருக்கியடித்து

அளவு மிகுந்துவிட்டது. பசையின் பலம் கூடுதலாக இருக்கலாம், ஒரே கணுவில் இரண்டு மூன்று முறை வைத்திருக்கலாம், அல்லது பசையில் இருப்பது பி.ஏ.பி. அல்லாமல் தைடையசூரானாக இருக்கலாம். தைடையசூரானும் மொட்டை எழுப்பும் மருந்துதான், ஆனால் பி.ஏ.பி.யை விடப் பல மடங்கு வலியது. அதே எடையில் போட்டால் கட்டி நிச்சயம். பத்தில் ஒரு பங்கைக்கூட முதலில் ஒரு கணுவில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் பசையைப் பஞ்சால் துடைத்தெடுங்கள். கட்டியை வெட்ட வேண்டாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் மருந்தின் வேகம் தணிந்ததும் அதிலிருந்து ஓரிரு துளிர்கள் தலைதூக்கும். நான்கைந்து வந்தால் பலமான ஒன்றை விட்டு மற்றவற்றைச் சுட்ட பிளேடால் நீக்குங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதுவும் வேர்விடும் அளவுக்குத் தேறாது. முதல் இலை சுருண்டோ தடித்தோ வந்தால் கவலையில்லை, மூன்றாவது இலைக்குள் சரியாகும். மூன்றாவது இலையும் கோணலென்றால் அந்தக் கன்றைக் கைவிடலாம்.

பசை வழிந்து தாய்ச்செடியின் நடுக்குருத்தில் விழுந்திருந்தால் உடனே துடையுங்கள். அங்கே அது இலைகளைக் குறுக்கிக் கோணலாக்கும்.

அறிகுறி: மூன்று இலை வந்துவிட்டது, வேர் ஒன்றுகூட இல்லை

இங்கேதான் பொறுமை தவறுகிறது. இங்கேதான் மிக அதிகமான கன்றுகள் சாகின்றன. ஆக்சினுக்கும் சைட்டோகைனினுக்கும் இடையிலுள்ள விகிதமே வேரா தளிரா என்று தீர்மானிக்கிறது. இதைத் தாவர ஆய்வாளர்களான ஸ்கூகும் மில்லரும் 1957இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். சைட்டோகைனின் கூடினால் தளிர், ஆக்சின் கூடினால் வேர். கணுவைச் சுற்றி நீங்கள் வைத்த பசை இன்னும் அங்கே இருக்கும்வரை தராசு தளிர்ப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, கன்றின் அடியில் ஒட்டியிருக்கும் பசையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைப்பது. இரண்டாவது இலை விரிந்ததும் இதைச் செய்துவிட்டால் வேர் தாமதிப்பது குறையும். அதற்குமேல் பசை ஒருபோதும் வேண்டாம்.

இரண்டாவது ஈரம். தீவின் மேற்கிலும் வடக்கிலும், பிளாக் ரிவர், ஃபிளிக் ஆன் ஃபிளாக், போர்ட் லூயிஸ் பக்கம், காற்று உலர்ந்தது. அங்கே வேர்நுனி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே காய்ந்துவிடும். ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துக் கன்றின் அடியைத் தளர்வாகச் சுற்றுங்கள். மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, கீழே சிறு துளை விட்டுக் கட்டுங்கள். கன்றின் இலைகளுக்கு நடுவே ஈரம் தேங்கக் கூடாது, பாசி அடியில் மட்டும்தான். பாசி உலரும்போது தெளிப்பானால் நனையுங்கள். மேட்டுநிலத்தில் காற்றே ஈரம் என்பதால் பிளாஸ்டிக் வேண்டாம், பாசி மட்டும் போதும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மாதத்தில் வேர்முனை தெரியவில்லை என்றால் இப்போது அந்த பிரெஞ்சு லேபிள் தூளுக்கு வேலை வருகிறது. இண்டோல் பியூட்டிரிக் அமிலம் 0.1 சதவீதம் உள்ள தூளில் ஈரமான தூரிகையின் நுனியைத் தொட்டு, கன்றின் அடியில், இலைக்கும் தண்டுக்கும் இடையே ஒரே ஒரு தடவை தடவுங்கள். 0.3 சதவீதத் தூள்தான் கிடைத்தால் அதை இரண்டு பங்கு டால்க் தூளோடு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்முனை வந்தபின் மீண்டும் தடவக் கூடாது. முளைத்த வேருக்கு மிகுதியான ஆக்சின் நஞ்சு, நுனி கறுத்து நின்றுவிடும். தூள் பிடிக்காதவர்களுக்குக் கடற்பாசிச் சாறு இன்னொரு வழி. தென்னாப்பிரிக்கக் கடலின் எக்லோனியா பாசியிலிருந்து எடுக்கப்படும் கெல்பாக்கில் ஆக்சின் தன்மை மேலோங்கியிருக்கும். லேபிளில் சொன்ன அளவைத் தாண்டாமல், கன்றைச் சுற்றிய ஸ்பாக்னம் பாசியை அதில் நனைக்கலாம்.

வேர் இல்லாத கன்றை வெட்டி எடுத்து 'தொட்டியில் தானே விடும்' என்று வைக்க வேண்டாம். தாய் ஊட்டும்வரை அதற்கு அவசரமில்லை. இரண்டு மூன்று வேர்கள், ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்குக் குறையாமல், நுனி பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில்தான் வெட்ட வேண்டும். பசை வைத்த நாளிலிருந்து இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். காத்திருந்தால் நட்டம் இல்லை: தாயோடு இருக்கும் ஒவ்வொரு மாதமும் கன்று தனியாக இருப்பதை விட வேகமாக வளரும்.

அறிகுறி: கணு கறுத்து, ஈரமாக மென்மையாகிறது

அழுகல். செதிலை உரித்தபோது கத்தி தண்டுக்குள் இறங்கியிருக்கும், அல்லது செதிலின் மிச்சம் கிண்ணம்போல் நின்று மழைநீரைத் தேக்கியிருக்கும். பசை கொழுப்பு என்பதால் மழையில் கரையாது. ஆனால் அதன் அடியில் அடைபட்ட ஈரம் வெளியேறவும் வழியில்லை. நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை சூறாவளிக் காலம் நீடிப்பதால், பசை வைத்த செடிகள் கூரைக்கடியில்தான் இருக்க வேண்டும். பசை வைத்த முதல் பத்து நாள் தண்டில் தண்ணீர் படக் கூடாது.

கறுப்பு கணுவோடு நின்றால், அதற்கு 2 செ.மீ. கீழே ஆரோக்கியமான பச்சை தெரியும் இடத்தில் வெட்டி, வெட்டுவாயில் லவங்கப்பட்டைப் பொடி தடவுங்கள். அது தண்டுக்கு நல்லது, ஆனால் வேரில் கொட்டிவிடாதீர்கள். வேரை உலர்த்திக் கருக்கும். கறுப்பு தண்டோடு செடியை நோக்கி இறங்கினால் தாமதிக்காமல் தண்டை அடியோடு எடுத்துவிடுங்கள்.

ஈரமில்லாமல், காய்ந்த புள்ளியாகக் கறுத்தால் அது அழுகல் அல்ல. ஆல்கஹால் முழுக்க ஆவியாகாத பசை சுட்ட காயம் அது.

அறிகுறி: காலையில் மொட்டைக் காணோம்

நத்தை. இளமொட்டைப் போல அதற்கு ருசியானது வேறில்லை. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே உயர்த்தி வையுங்கள், தண்டைச் சுற்றித் தளர்வாகப் பஞ்சு கட்டுங்கள், இரவில் விளக்கோடு ஒரு முறை பாருங்கள். எறும்பு வரிசை தெரிந்தால் உரிக்காத மற்றச் செதில்களுக்குள் மாவுப்பூச்சி இருக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், பசை வைத்த கணுவைத் தவிர்த்து.

அறிகுறி: கன்று வளர்கிறது, தாய் துவள்கிறது

தாயால் சுமக்க முடியாத சுமையைக் கொடுத்திருக்கிறீர்கள். விறைப்பான நான்கு இலைகளும், தொட்டிச் சுவரில் வெள்ளி நிறமாகத் தெரியும் பருத்த வேர்களும் இல்லாத செடியில் பசை வைக்கவே கூடாது. இவையெல்லாம் உள்ள செடியிலும் ஒரு நேரத்தில் ஒரு கணு, அதிகம் போனால் இரண்டு. தண்டில் நான்கு கணு இருக்கிறதே என்று நான்கிலும் வைப்பது செடியைக் கறப்பது.

இலைகள் சுருங்கினால் முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால் கன்றைப் பற்றிய யோசனையை விட்டு, அழுகல் நீக்கிப் புதிய பைன் பட்டைத் துண்டுகளில் நடுங்கள். வேர் நன்றாக இருந்தால் 20-20-20 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒரு முறை கொடுங்கள். நான்காவது வாரம் வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். இரண்டு கன்று இருந்தால் சிறியதை எடுத்துவிட வேண்டும்.

தாயின் அடிப்பகுதியிலிருந்து, கேட்காமலேயே கன்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் தாயின் நடுக்குருத்தைத் தொட்டுப் பாருங்கள். குருத்து செத்த செடி தன் வம்சத்தைக் காக்க அப்படிக் கன்று விடுவதுண்டு. அதைப் பிரிக்க வேண்டாம், அது தாயின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

இதே இயல்பை நாமும் பயன்படுத்தலாம். குருத்து அழுகிய செடியில் இரண்டு நல்ல இலையும் உயிருள்ள வேரும் மிச்சமிருந்தால், அழுகலைச் சுரண்டி எடுத்து, மூன்று நாள் முழுக்க உலர்த்தி, கீழ் இலையின் கக்கத்தில் கடுகளவு பசை வைத்துப் பார்க்கலாம். எல்லாச் செடியும் பிழைக்காது. ஆனால் குப்பைக்குப் போகவிருந்த செடிக்கு அது ஒரு நல்ல வாய்ப்பு.

அறிகுறி: பிரித்தெடுத்த கன்று ஒரு வாரத்தில் சுருங்கிவிட்டது

கன்றுக்கு மேலும் கீழும் தண்டில் 2 செ.மீ. விட்டு வெட்டியிருக்க வேண்டும். அடியை ஒட்டி வெட்டினால் காயம் கன்றிலேயே விழும். காற்றில் வளர்ந்த வேர் விறைப்பானது, வளைத்தால் ஒடியும். வெட்டியபின் வேர்களை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் வளையும் பக்குவத்துக்கு வரும். 7 அல்லது 8 செ.மீ. தொட்டி போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி உலராமல் வேர் அழுகும். சிறு துண்டுப் பைன் பட்டை இரண்டு பங்கும் ஸ்பாக்னம் ஒரு பங்கும் கலந்து நடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு பயன்படுத்தினால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்குங்கள், கடலோரத் தேங்காய் என்றால் இன்னும் கவனமாக. முதல் மூன்று வாரம் அடர்நிழல், ஈரக்காற்று, உரமில்லை. புதிய வேர்நுனி தெரிந்ததும் உரம். பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

அறிகுறி: தாயின் இலையில் வெளிர் வளையங்கள், கறுத்துக் குழிந்த கோடுகள், பூவில் நிறச் சிதறல்

நிறுத்துங்கள். இந்த அறிகுறிகள் சிம்பிடியம் மொசைக் வைரஸாகவோ, ஓடன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து கிடையாது. கன்று தாயின் அச்சு என்றோமே, நோயும் அந்த அச்சில்தான் வரும். அந்தச் செடியிலிருந்து கன்று எடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பது நோயைக் கொடுப்பது. எவ்வளவு அரிய நிறமாக இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள்.

இந்த வைரஸ்கள் செடி விட்டுச் செடி தாவுவது முக்கியமாகக் கத்தியால். ஆல்கஹாலில் துடைத்தால் போதாது. பிளேடைச் சிவக்கும்வரை சுட்டு ஆறவிடுங்கள், அல்லது செடிக்கு ஒரு புதிய சவர பிளேடு. பத்துச் செடியை ஒரே பிளேடால் உரிப்பவர் ஒரு மாலையில் தோட்டத்தையே கெடுத்துவிட முடியும்.

ஃபெலனாப்சிஸ் அல்லாத ஆர்க்கிட் வகைகளில்

டென்ட்ரோபியத்தின் சிக்கல் நேர்மாறானது: பூ வேண்டிய இடத்தில் கன்றாக வந்து தொல்லை தரும். நோபிலே வகையில் குளிர்கால ஓய்வின்போது தண்ணீரையும் தழைச்சத்தையும் குறைக்காததே காரணம். மே முதல் உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள். கன்றே வேண்டுமென்றால் பசை தேவைப்படாது. இலை உதிர்ந்த பழந்தண்டை இரண்டு மூன்று கணுவாக நறுக்கி, வெட்டுவாயை ஒரு நாள் உலர்த்தி, ஈரப் பாசியின் மேல் படுக்கவையுங்கள். பாசியில் புதைக்காதீர்கள். எழாத கணுவுக்கு மட்டும் கடுகளவு பசை.

வாண்டாவில் இலைக்கக்க மொட்டு சில நேரம் எழும், பல நேரம் எழாது. உயரமாகி அடி வெறுமையான செடியென்றால், மூன்று நல்ல வேரோடு தலைப்பகுதியை வெட்டி நடுவதே நிச்சயமான வழி. மிச்சமான அடித்தண்டு தானே கன்று விடும்.

கேட்லியாவின் பூத்தண்டில் எழுப்புவதற்கு மொட்டே இல்லை. அதன் உறங்கும் கண்கள் தண்டுகளின் அடியில், கிழங்கு போன்ற பகுதியில் இருக்கின்றன. பழைய தண்டின் அடியில் பருத்த பச்சைக் கண் தெரிந்தால் அதில் வைக்கலாம். வெனிலாவுக்கு இது எதுவுமே வேண்டாம், ஒரு மீட்டர் கொடியை வெட்டி நிழலில் மரத்தோடு கட்டினால் தானே வேர்விடும். பிளாக் ரிவர் மலைக்காட்டில் மரக்கிளைகளில் தொங்கும் நாட்டு ஆர்க்கிட்களை இந்தச் சோதனைக்காகக் கழற்றி வராதீர்கள். மெதுவாக வளரும் அவை பசைக்கு இணங்குபவையும் அல்ல, வீட்டில் நிலைப்பவையும் அல்ல.